480 ரூபாய் புழுவும் ஒரு கைப்பிடி சென்னாகுனியும்

போன ஆனி மாசம் ஒருநாள் விடிகாலையில் கோழிக் கூண்டுக்குள் கையை விட்டேன். விரலில் பட்டது முட்டைதான், ஆனால் ஓடு இல்லை. உரித்த நுங்குச் சுளையைத் தொட்ட மாதிரி கொழகொழவென்று இருந்தது. எடுப்பதற்குள் வைக்கோலிலேயே உடைந்து வழிந்தது. தோல் முட்டை. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு கிடைத்தன. மற்ற முட்டைகளும் பாத்திரத்தில் வைக்கும்போதே கீறல் விட்டன.

என் மாமியார் ஆரணிப் பக்கத்துக்காரர். கோழி விஷயத்தில் அவர் வாயைத் திறக்காத நாள் கிடையாது. "கண்ணு பட்டுடுச்சு" என்று முதலில் சொன்னார். கூண்டு முன்னால் மிளகாய் சுற்றிப் போட்டார். மறுநாளும் தோல் முட்டை வந்ததும் கட்சி மாறினார். "நீ தீனிங்கற பேர்ல கண்டதையும் போடுற. அதான்."

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவர் சொன்னதுதான் சரி. அதற்கப்புறம் பத்து மாசமாக நான் காசு கொடுத்து வாங்கிப் பார்த்த கோழித் தின்பண்டங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எந்தக் கடைக்காரரும் எனக்கு இலவசமாக எதுவும் தரவில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். பின்கட்டில் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி மண் தரை, ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல். அங்கே ஆறு பெட்டை. இரண்டு நாட்டுக்கோழி, நான்கு நந்தனம் ரகம். கருப்பி, செவலை, பொட்டு என்று நிறம் பார்த்து வைத்த பெயர்கள் ஐந்து. ஆறாவதுக்கு டீச்சர் என்று பெயர். கழுத்தை நீட்டி, வரிசையில் யார் பேசினார்கள் என்று பார்க்கிற நடை. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அளவெடுக்காமல் எதையும் வெட்டிப் பழக்கமில்லை. ஆனால் கோழிக்குப் போடும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

மூன்றாவது தோல் முட்டையோடு கருப்பியைக் கூடையில் போட்டு, மேலே துப்பட்டாவைக் கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்த வரிசையில் நான் மட்டும் கோழியோடு. டாக்டர் பெண் சின்ன வயசுதான். கருப்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "லேயர் தீவனம் போடுறீங்களா?" என்றார். முட்டைக் கோழிக்கென்று விற்கிற தீவனத்தைத்தான் கேட்டார். போடுகிறேன் என்றேன். "அதுக்கு மேல?"

சொல்ல ஆரம்பித்தேன். பழைய சோறு, காலை இட்லி மிச்சம், பிரெட் ஓரம், எதிர்வீட்டுக் குழந்தை கேட் வழியாகப் போடுகிற பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டின் அடித்தூள், கூடவே ஆன்லைனில் வாங்கின காய்ந்த புழு. பட்டியல் முடியாது போலிருக்கிறதே என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. அவர் மருந்து எழுதவில்லை. "பத்துல ஒரு பங்குக்கு மேல நொறுக்குத்தீனி போகக் கூடாதும்மா. ஒரு வாரம் தீவனத்தை எடை போட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

எடை போட்டேன். முட்டையிடுகிற கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்ன வேண்டும். என் கணக்கில் ஆளுக்கு 110 கிராம் என்றால் ஆறுக்கும் 660. என் வீட்டில் தொட்டியிலிருந்து குறைந்ததோ 420 தான். ஆளுக்கு 70 கிராம். மீதி வயிற்றில் சோறும் பிஸ்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், முட்டை ஓடு முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. நான் வாங்குகிற தீவன மூட்டையில் கால்சியம் 3.5 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. 110 கிராம் தின்றால் கிட்டத்தட்ட 4 கிராம் உள்ளே போகும். அதில் பாதி உடம்பில் ஒட்டும், அதாவது 2 கிராம். ஓட்டுக்குச் சரியாகப் போய்விட்டது. 70 கிராம் மட்டும் தின்றால் உள்ளே போவது இரண்டரை கிராமுக்கும் கீழே, ஒட்டுவது ஒன்றேகால். மீதிக்குக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எத்தனை நாளைக்குக் கொடுக்கும்? முக்கால் மீட்டர் துணியைக் கொடுத்துவிட்டு முழுக்கை ஜாக்கெட் கேட்டால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். பாவம், அதற்குத் திருப்பி அனுப்பத் தெரியாது.

ஆகவே ஒரு தின்பண்டத்தைப் பார்க்கும்போது இப்போது எனக்கு இரண்டு கேள்விதான். இது தீனிப்பையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்? பிடித்த இடத்துக்கு என்ன தரும்?

முதலில் அந்தப் புழு. மீல்வோர்ம் என்கிற மாவுப்புழுவைக் காயவைத்து, ஜிப் வைத்த பளபள பாக்கெட்டில் 200 கிராம் 480 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிறார்கள். பாக்கெட் மேல் சிவப்புக் கொண்டைக் கோழி ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். திறந்தால் பழைய கடலை மிட்டாய் டப்பாவின் வாசனை. கையில் அள்ளினால் பொரியைப் போலக் கனமே தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக, மஞ்சள் பழுப்பு நிறத்தில், வளையம் வளையமாக. முதல் நாள் தட்டில் போட்டதும் ஆறும் இரண்டடி பின்னால் போயின. டீச்சர் மட்டும் ஒற்றைக் கண்ணால் சாய்ந்து பார்த்து, ஒன்றைக் கொத்தி, கீழே போட்டு, மறுபடி கொத்தி விழுங்கியது. அவ்வளவுதான். அப்புறம் நடந்ததைக் கல்யாணப் பந்தியில் வடை தீர்ந்துபோன நேரத்துக்குத்தான் ஒப்பிட முடியும்.

பிடிக்கிறதா என்று கேட்டால் ஐந்துக்கு ஐந்து. புரதம் பாதிக்குப் பாதி இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் கால்வாசிக்கு மேல் கொழுப்பு. கால்சியமோ மிகவும் குறைவு. ஓடு மெலிந்துபோன கோழிக்கு இதைக் கொடுப்பது தாகத்துக்கு முறுக்கு கொடுப்பதற்குச் சமம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாலாம் நாளிலிருந்து தீவனத் தொட்டிப் பக்கமே போகாமல், பாக்கெட் சலசலக்கும் சத்தத்துக்காகச் சமையலறை வாசலில் நின்று கேற ஆரம்பித்தன. விலைக் கணக்கும் பார்த்தேன். கோழிக்கு 5 கிராம் வீதம் ஆறுக்கும் 30 கிராம், அதாவது நாளைக்கு 72 ரூபாய். என் தீவனம் கிலோ 38 ரூபாய். ஆறு கோழியின் முழுச் சாப்பாடே நாளைக்கு 25 ரூபாய்தான். சாப்பாட்டைவிட மிட்டாய்க்கு மூன்று மடங்கு செலவு.

இரண்டாவது பாக்கெட் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கினேன், விலை நாற்பது ரூபாய் குறைவு என்று. ஓரத்து ஒட்டு விட்டுப்போய், உள்ளே ஈரம் ஏறி, கட்டி கட்டியாக வந்தது. காய்ந்த புழுவின் மேல் உயிருள்ள சின்னப் பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "தீனிப் பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ஒரே வரியில் பதில். பூச்சிக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள் போல.

இதை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. இறகு உதிர்த்து முளைக்கிற காலத்தில் கோழிக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், இறகே பெரும்பாலும் புரதம்தானே. அப்போது நாலைந்து புழு உதவும். சாயங்காலம் கூண்டுக்குள் போக அடம் பிடிக்கிற கோழியை அழைக்கவும் உதவும். அதற்கு மேல் இல்லை.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே அரோவானா மீனுக்காக உயிருள்ள சூப்பர் வோர்ம் கப்பில் வைத்து விற்கிறார்கள். மீன் பார்க்கப் போன மகனோடு நானும் போய் ஒரு கப் வாங்கினேன். கோழிகளுக்குத் தீபாவளி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கருப்பு ஈயின் புழு, அதாவது பிளாக் சோல்ஜர் ஃப்ளை, மாவுப்புழுவைவிடக் கால்சியம் நிறைய உள்ளது, காய்கறிக் கழிவிலேயே வளர்க்கலாம் என்று படித்து வீட்டில் சொன்னேன். புழு வளர்க்கிற அன்றைக்கு ஆரணிக்கு பஸ் ஏறிவிடுவதாக மாமியார் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது கால்சியம் டானிக். செல்லப்பிராணிக் கடையில் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இளஞ்சிவப்பு நிறம், ஸ்ட்ராபெரி வாசனை. நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் தண்ணீர் வழுவழுத்துப் பாசி நாற்றம் அடித்தது. கோழிகள் குடிப்பதைக் குறைத்துவிட்டன. தண்ணீர் குடிக்காத கோழி தீவனமும் தின்னாது. மூன்றாம் நாள் பாட்டிலை அலமாரியில் ஏற்றினேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

இப்போது நான் கையெடுத்துக் கும்பிடுகிற பொருளுக்கு வருகிறேன். கிளிஞ்சல். தண்டையார்பேட்டைப் பக்கம் நான் வழக்கமாகப் போகிற தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் கிலோ 25 ரூபாய். இதே பொருளைச் செல்லப்பிராணிக் கடையில் அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு, இங்கிலீஷில் பெயர் எழுதி, 150 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள். வித்தியாசம் பாக்கெட்டில் மட்டும்தான்.

முன்பெல்லாம் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போனால் கிளிஞ்சலைப் பையில் பொறுக்கிக்கொண்டு வருவோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பாகப் படிந்ததே, அதிலிருந்து அந்தப் பக்கத்துக் கிளிஞ்சலை நான் கோழிக்குப் போடுவதில்லை. கழுவினால் போகுமா போகாதா என்று யோசித்துக்கொண்டு முட்டை தின்ன முடியாது.

கிளிஞ்சலில் கவனிக்க வேண்டியது அளவு. தூளாக வேண்டாம். பச்சரிசி முதல் துவரம்பருப்பு வரையிலான அளவில் உடைத்ததாக வாங்க வேண்டும். தூள் சீக்கிரம் கரைந்து போய்விடும். பெரிய துண்டு, கோழி வயிற்றில் தானியத்தை அரைக்கிற அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முட்டைக்கு ஓடு கட்டுவது சுமார் 20 மணி நேர வேலை, அதில் பெரும்பகுதி இருட்டில், கோழி எதுவும் தின்னாமல் தூங்குகிற நேரத்தில் நடக்கிறது. அதனால் நான் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கிளிஞ்சல் கிண்ணத்தை வைக்கிறேன்.

முதல் நாள் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். கருப்பி வந்தது. ஒரு துண்டை எடுத்து, அலகில் வைத்து உருட்டி, கீழே போட்டது. இன்னொன்று. அதுவும் வேண்டாம். மூன்றாவதாக விரல்நகத்தில் பாதி இருக்கும் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, கழுத்தை மேலே நீட்டி விழுங்கியது. எங்கள் கடைத்தெருவில் பட்டன் தேர்ந்தெடுக்கிற பெண்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். இப்படி எட்டு ஒன்பது துண்டு. அன்றைக்கு முட்டையிடாத செவலை கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எவ்வளவு வேண்டும் என்பது அதற்கே தெரிகிறது. இதைத் தீவனத்தில் கலந்துவிடாமல் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்வது அதனால்தான். கலந்து போட்டால் தேவையில்லாததும் தின்று தொலைக்க வேண்டும். குஞ்சுகளுக்கும் சேவலுக்கும் அவ்வளவு கால்சியம் ஆகாது, குஞ்சுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

தோல் முட்டை நின்றது. பிஸ்கட்டையும் சோற்றையும் நிறுத்தியது ஒரு பக்கம், கிளிஞ்சல் ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு நாளில் பாத்திர விளிம்பில் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டது. கீறல் விட்ட முட்டைகளாலேயே வாரம் முழுக்க ஆம்லெட் தின்று அலுத்துப்போயிருந்த என் வீட்டுக்காரர் இனிமேல் குழம்பில் முழு முட்டை பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டார். காசே செலவில்லாமல் வேண்டுமென்றால் நம் வீட்டு முட்டை ஓட்டையே வெயிலில் காயவைத்து, வாணலியில் புரட்டி, நொறுக்கி வைக்கலாம். முட்டை வடிவம் தெரியாமல் நன்றாக நொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், வாய் வெந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். கிளிஞ்சல் வேறு, மணல் கல் வேறு. பல் இல்லாத கோழிக்குத் தானியம் அரைக்கக் கரையாத கல் வேண்டும். கிளிஞ்சல் கரைந்துவிடும், அரைக்காது. மண்ணில் மேய்கிற கோழி கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியில் கூண்டிலேயே வளர்ப்பவர்கள் ஒரு கைப்பிடி பொடிக்கல் வைக்க வேண்டும். போன ஆடியில் தெருவில் கூழ் ஊற்றிய அன்றைக்கு எங்கள் பழைய சேவலை அறுத்தோம். அரைவைப்பையைப் பிளந்து கழுவும்போது பார்த்தேன். வழவழப்பாகத் தேய்ந்த கற்கள் முப்பது நாற்பது, கடலில் கிடந்து தேய்ந்த மாதிரி ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு, நடுவில் என் ஜாக்கெட் ஹூக் ஒன்று. குத்தாமல் போனது அதன் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து தையல் மெஷின் அடியில் தினமும் காந்தத்தை ஓட்டி எடுக்கிறேன்.

இனி தலைப்புக்கு வருகிறேன். கிளிஞ்சல் கால்சியத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனால் ஆசைக்கு ஏதாவது போட வேண்டாமா? எனக்கும் கோழிகள் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். புழுவை நிறுத்தின பிறகு சமையலறை வாசல் தர்ணா தொடர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு, கருவாட்டுக்காரர்கள் சாக்கு விரித்திருக்கும் பக்கம் நடந்தபோது சென்னாகுனிக் குவியல் கண்ணில் பட்டது. வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: கண்ணும் மீசையும் மட்டும் தெரிகிற பொடிப்பொடி இறால், வெயிலில் காயவைத்தது. தொக்கு செய்தால் பழைய சோறு இரண்டு தட்டு போகும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புரதம், மேலே ஓடு, ஓட்டில் கால்சியம், கொழுப்பு குறைவு. 480 ரூபாய்ப் பாக்கெட்டில் இல்லாதது இந்தச் சாக்கில் இருக்கிறதே! நூறு கிராம் 40 ரூபாய்.

"உப்பு போடாதது இருக்கா ஆயா?" என்றேன்.

"இது வெறும் வெயில்ல காஞ்சதுதான் கண்ணு. தொக்குக்கா, வடைக்கா?"

"கோழிக்கு."

அந்த அம்மா கையில் அள்ளினதை அப்படியே சாக்கில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பேரனுக்கே நான் எண்ணித்தான் போடுறேன். இது கோழிக்கு வாங்க வந்திருக்குது பாரு" என்று பக்கத்துச் சாக்குக்காரியிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கொசுறு போட்டுத்தான் கொடுத்தார்.

உப்பு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கோழி உப்பைத் தாங்காது. உப்புக் கண்டம் போட்ட கருவாட்டை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. வெயிலில் காய்ந்தது என்று சொன்னதையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடல் நீர் உப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் வடிகட்டியில் போட்டு இரண்டு தண்ணீர் அலசி, பழைய வேட்டியில் பரப்பி, மாடியில் ஒரு மணி நேரம் காயவைப்பேன். அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். காக்கைக்கும் பூனைக்கும் அந்த வாசனை பட்டினத்தார் கோயில் வரைக்கும் எட்டும். அலசும்போது வருகிற மணலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கோழிக்கு லாபம்தான்.

அளவு, கோழிக்கு 4 கிராம், வாரத்தில் மூன்று நாள். ஆறுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். புழுவுக்கு ஓடினதைவிட வேகமாகத்தான் ஓடுகின்றன. தினமும் போட்டுப் பார்க்கும் ஆசையில் ஒரு வாரம் அள்ளிப் போட்டேன், ஒரு முட்டையில் லேசாக மீன் வாடை வந்தது. மாமியார் முகர்ந்து பார்த்து, "காசிமேட்டு முட்டை" என்று தள்ளி வைத்தார். நிறுத்தியதும் போய்விட்டது. இன்னொரு குறை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அப்போது விலை ஏறும், சரக்கும் பழசாக இருக்கும். பங்குனியிலேயே அரைக் கிலோ வாங்கி டப்பாவில் மூடி வைத்துவிடுகிறேன். அந்த ஒரு குறைக்காக ஐந்துக்கு நாலரை.

மீன் வெட்டுகிற இடத்தில் தலையும் குடலும் சும்மாவே தருவார்கள். உப்பில்லாமல் வேகவைத்து மசித்துப் போடலாம், நல்ல சத்து. வேகும்போது வருகிற நாற்றத்தை உங்கள் வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் செய்யுங்கள். என் வீட்டில் ஒரு தடவைதான் நடந்தது.

தீவனக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் இப்போது போகிற கடையில் மூட்டையைப் பிரித்ததும் மூடி போட்ட டிரம்மில் கொட்டிவிடுகிறார்கள். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் தேதி கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இரண்டு மாசத்துக்கு மேல் பழசான தீவனத்தை நான் தொடுவதில்லை. இதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த கடையில் கடலைப் புண்ணாக்கு இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் உடைத்தால் நடுவில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். திருப்பிக் கொண்டுபோனேன். "மேலாப்ல தட்டிட்டுப் போடுங்க சிஸ்டர், கோழிதானே" என்றார் கடைக்காரர். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேலே வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசண விஷம் என்று தெரிந்தது. அப்படித்தான் அஃப்ளாடாக்சினையே உலகம் கண்டுபிடித்தது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது, தட்டினாலா போகும்? தெருமாட்டுக்குப் போட்டாலும் பாலில் வந்து நம்மிடமே திரும்பும். குப்பையில் கொட்டினேன், காசு போனது. நல்ல புண்ணாக்கு நல்ல தீனிதான், குறை சொல்லவில்லை. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்கிற தீவனப் பாசியை வளர்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டி, சாணம், எல்லாம் முறைப்படிதான். மே மாச வெயிலில் பாசி சிவந்து கருகியது. அது பரவுவதற்குள் கொசுப்புழு பரவிவிட்டது. நிழல் உள்ளவர்கள் முயலலாம். எனக்கு முருங்கைக்கீரை போதும். ஒரு கொத்தை ஒடித்துக் கயிற்றில் கட்டிக் கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டால் எகிறி எகிறிக் கொத்தும். காசும் இல்லை, வேடிக்கையும் ஆச்சு, மஞ்சள் கருவும் நிறம் ஏறுகிறது. தொட்டியில் இரண்டு செண்டுமல்லிச் செடி வைத்திருக்கிறேன். அதன் இதழும் கருவுக்கு நல்ல நிறம் தரும். பூக்கடையில் வாங்கின மாலையை உதிர்த்துப் போடாதீர்கள், எந்த மருந்து அடித்ததோ.

அப்புறம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கதை. பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் ஒரு பார்சல் வாங்கிவந்து, பாதியைத் தின்ன முடியாமல் பின்கட்டில் கொட்டிவிட்டார். நூடுல்ஸை மண்புழு என்று நினைத்து ஆளுக்கொரு முனையாக இழுத்துக்கொண்டு பின்கட்டு முழுக்க ஓட்டம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் உப்பு, எண்ணெய், பச்சை வெங்காயம், மூன்றும் ஆகாது. ஓடிப் பிடுங்கி எடுத்தேன். பச்சை ஏறின உருளைக்கிழங்குத் தோல், வேகாத ராஜ்மா, பட்டர் ஃப்ரூட், சாக்லேட், இவற்றையும் என் வீட்டுக் குப்பைக் கூடையைத் தாண்டிப் போக விடுவதில்லை.

கத்திரி வெயிலில் தர்பூசணித் தோலை ஃபிரிட்ஜில் வைத்து மதியம் போடுகிறேன். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற கோழிக்கு அந்தக் குளிர்ச்சி இதம். அந்த மூச்சு வாங்கலாலேயே வெயில் காலத்தில் ஓடு மெலியும், ரத்தத்தில் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டு குறைந்துபோவதால். ஆகவே தீவனத்தை விடிகாலை ஐந்தரைக்கே வைத்துவிடுகிறேன், வெயில் ஏறுவதற்குள் பாதியைத் தின்றுவிடும்.

எதிர்வீட்டுக் குழந்தையை என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. யு.கே.ஜி. படிக்கிறாள். பிஸ்கட் போடாதே என்றால் அழுகை. கடைசியில் சென்னாகுனி டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டேன். திங்கள், புதன், சனி, சரியாக ஐந்து மணிக்கு கேட்டைத் தட்டுவாள். ஒரு கோழிக்கு ஒரு ஸ்பூன், அவளே எண்ணிப் போடுவாள். போன சனிக்கிழமை ஐந்து ஸ்பூனோடு மூடியை மூடினாள். டீச்சருக்கு ஏன் போடவில்லை என்றேன். "டீச்சர் செவலையைக் கொத்திச்சு ஆன்ட்டி. அதுக்கு இன்னிக்குக் கிடையாது" என்றாள். அவள் வீட்டுக்குள் போனதும் நான் ஒரு ஸ்பூன் போட்டேன்.